எண்ணெய் சொல்லாத வயது

மின்மாற்றி எண்ணெய் எங்கள் ஆய்வகத்துக்குப் பெரும்பாலும் பேருந்தில்தான் வரும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஆலைகளில் யாராவது ஒருவர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, நடத்துநரிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்குத் தொலைபேசியில் வண்டி எண்ணைச் சொல்வார். நாங்கள் சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்வோம். பெட்டிக்குள் ஒரு கண்ணாடிச் சிரிஞ்சு, ஒரு பழுப்பு நிறக் குப்பி, நான்காக மடித்த படிவம் ஒன்று இருக்கும். சிரிஞ்சில் இருக்கும் எண்ணெய் வாயுக்களை அளப்பதற்கு, குப்பியில் இருப்பது மற்ற சோதனைகளுக்கு.

சோதனைகளைச் செய்பவர் எங்கள் கெமிஸ்ட், ஆத்தூர்க்காரப் பெண். அவர் தரும் எண்களை ஆலைக்காரர்களுக்குப் புரியும்படி இரண்டு பக்க அறிக்கையாக எழுதுவது என் வேலை. அதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை நிறுத்தியபோது இங்கே இடம் கிடைத்தது. இரண்டு வேலைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறு யாரோ பார்த்ததை நான் எழுதுகிறேன். அதை வைத்து இன்னொருவர் முடிவெடுக்கிறார்.

ஒரு பெரிய மின்மாற்றிக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. கம்பியைச் சுற்றிக் காகிதம். எல்லாம் சேர்ந்து எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. செம்பு எளிதில் கெடுவதில்லை. எண்ணெயைச் சுத்தம் செய்யலாம், மாற்றலாம். காகிதத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. சூட்டிலும் ஈரத்திலும் அது ஆண்டுக்கணக்கில் மெல்லப் பழுத்து, நொறுங்கும் நிலைக்கு வரும். நொறுங்கும் காகிதத்தோடும் மின்மாற்றி ஓடிக்கொண்டுதான் இருக்கும், வெளியே கம்பியில் பலமான கோளாறு ஒன்று வந்து அதை உலுக்கும் வரை. ஆகவே மின்மாற்றியின் வயது என்பது காகிதத்தின் வயது. ஆனால் தொட்டியைத் திறக்காமல் காகிதத்தைப் பார்க்க வழியில்லை. அதனால் எண்ணெயிடம் கேட்கிறோம். காகிதம் சிதையும்போது ஃபியூரான் என்ற பொருள் எண்ணெயில் கரைகிறது. எண்ணெயில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், காகிதம் எவ்வளவு போய்விட்டது என்று கணிக்கலாம்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் புதுச்சத்திரத்துக்கு மேற்கே உள்ள ஒரு நூற்பாலையிலிருந்து பெட்டி வந்தது. ஆண்டுதோறும் அதே வாரத்தில் வரும் பெட்டிதான். இந்த முறை படிவத்தோடு ஒரு கடிதமும் இருந்தது. ஆலையின் மின் ஃபோர்மேன் நீல மையில் எழுதியிருந்தார். ஆலையில் புது ஷெட் கட்டி முடித்தாயிற்று. தை மாதக் கடைசியில் இயந்திரங்கள் வருகின்றன. இப்போது அறுபது சதவீத லோடில் ஓடும் மின்மாற்றி, புது ஷெட்டும் சேர்ந்தால் முழு லோடில் ஓட வேண்டியிருக்கும். தாங்கும் என்று முதலாளியிடம் நான் சொல்லிவிட்டேன், அதை நம்பித்தான் இயந்திரங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், எனவே உறுதிசெய்து எழுதித் தரவும் என்று கடிதம் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து கெமிஸ்ட் என் மேசைக்கு வந்தார்.

“சார், இதுல ஃபியூரானே இல்ல. கொழந்த மாதிரி இருக்குது.”

“வயசு என்ன போட்டிருக்காங்க?”

“இருபத்தாறு.”

“இருபத்தாறு வயசுக் குழந்தையா?”

“அதான் சார். நம்ம மிஷின் மேலதான் கோளாறோன்னு ரெண்டு தடவ ஓட்டிட்டேன்.”

பழைய கோப்பை எடுத்தேன். அந்த ஆலைக்கு நாங்கள் நான்கு ஆண்டுகளாக அறிக்கை தந்திருக்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேறொரு ஆய்வகம் தந்ததன் நகல்களும் இருந்தன. எல்லாவற்றிலும் ஃபியூரான் இல்லை, அல்லது இல்லை என்று சொல்லத்தக்க அளவு. ‘காகிதக் காப்பு நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரி நான்கு அறிக்கைகளிலும் ஒரு சொல் மாறாமல் இருந்தது. நான்கையும் எழுதியவன் நான். மாவட்டப் பக்கத்தில் ஓர் அலுவலகம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஒரே எண்ணைத் தந்திருந்தால் செய்தியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே நான்கு ஆண்டுகள் அப்படியே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஃபோர்மேனுக்குத் தொலைபேசியில் பேசினேன். மின்மாற்றியை நேரில் பார்க்க வேண்டும் என்றதும், “வாங்க வாங்க, இவனக் காட்டறதுக்கென்னுங்க” என்றார்.

நானும் கெமிஸ்ட்டும் ஆலைக்குப் போனோம். ஃபோர்மேன் ஐம்பது வயதைத் தாண்டியவர். காக்கிச் சட்டைப் பையில் டெஸ்டரும் சீப்பும் இருந்தன. மின்மாற்றி, ஆலையின் பின்புறம் வேலி போட்ட ஜல்லித் தரையில் நின்றது. பார்ப்பதற்கு இருபத்தாறு வயது இல்லை. சாம்பல் நிறப் பெயின்ட் புதிது. எண்ணெய்க் கசிவு எங்கும் இல்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உப்புக் குப்பி முழுவதும் நீலமாக இருந்தது, அதாவது ஈரம் ஏறவில்லை. தொட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும். பூஜைக்குப் போட்ட செவ்வந்தி மாலை காய்ந்து தொங்கியது. ஃபோர்மேன் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இவனுக்கு என்னுங்க கொற? இந்த ரோட்டுல இருக்கற மில்லுல எல்லாம் கேட்டுப் பாருங்க, இப்படி ஒருத்தன் நிக்கறானான்னு.”

“எண்ணெய் எப்ப எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“பூஜை முடிஞ்ச மக்கா நாளுங்க. எப்பவும் அன்னிக்குத்தான்.”

“பூஜையன்னைக்கு இவருக்கு என்ன செய்வீங்க?”

“மில்லு நிக்குமில்லீங்க, அன்னிக்கு ஃபில்டர் போட்டுருவோம். ஈரோட்டுல இருந்து மிஷின் வரும். களிமண்ணு ரொப்புன உருளைங்க. அதுக்குள்ளாற ஒரு பகலு ஓட்டுனா, டீத்தண்ணி மாதிரி போற எண்ணெய் எளநி மாதிரி வருமுங்க.”

கெமிஸ்ட் கேட்டார்: “அத ஓட்டி முடிச்சிட்டுத்தான் எங்களுக்கு சாம்பிள் எடுக்குறீங்களாண்ணா?”

“பின்னே? ஒறம்பரைக வாராங்கன்னா ஊட்டக் கூட்டாம உடுவாங்களா அம்மிணி?”

கெமிஸ்ட் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், “என்னா களிமண்ணுண்ணா அது?” என்றார்.

“முல்தானி மட்டி வகையறாதானுங்க. நீங்கெல்லாம் மூஞ்சிக்குப் பூசறது.”

“அந்த மண்ணு ஃபியூரானையும் சேத்து உறிஞ்சிக்கும். நீங்க வருசா வருசம் மேக்கப் போட்டு போட்டோ அனுப்புறீங்க. நாங்களும் வயசே ஆகலன்னு எழுதிக் குடுக்குறோம்.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கையைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“அப்ப இத்தன வருசமாப் பண்ணுனது தப்புங்களா?”

“தப்பில்லண்ணா. எண்ணெயில இருக்குற புளிப்பு போவும், ஈரம் போவும். காகிதத்துக்கும் அது நல்லதுதான். ஆனா காகிதம் எவ்ளோ போயிருக்குன்னு சொல்றதுக்கு இருந்த ஒரே சாட்சியும் அதோட போயிடுச்சி.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க ரிப்போர்ட்டு சார், நாலு வருசமா நல்ல நெலமைன்னு எழுதிக் குடுத்தவரு நீங்கதானுங்களே? எண்ணெய் எப்ப எடுத்தேன்னு இன்னிக்குக் கேக்கறீங்க. அன்னிக்கு வாயில என்னுங்க வெச்சிருந்தீங்க?”

கேட்கத் தோன்றவில்லை என்றேன். அதுதான் உண்மை. எங்கள் படிவத்தில் எண்ணெய் எடுத்த தேதிக்கு இடம் உண்டு, எடுத்தபோது இருந்த வெப்பநிலைக்கு இடம் உண்டு. கடைசியாக எண்ணெயை எப்போது, எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பதற்கு இடம் இல்லை. படிவத்தை அமைத்தவனும் நான்தான்.

ஆலைக்குள் நூற்புக் கதிர்கள் ஓடும் இரைச்சல் கேட்டது. அவர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த வால்வைத் துடைத்தார்.

“ஒண்ணு பண்ணுங்க சார். இல்லைன்னுதானுங்களே வந்துச்சு? இல்லைன்னே எழுதிருங்க. பொய்யில்லீங்களே அது.”

பொய்யில்லைதான். இப்படிப் பொய்யில்லாத வரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதலாம், பூஜையன்று களிமண்ணில் ஓட்டிவிட்டு மறுநாள் எடுத்த எண்ணெய் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றேன்.

“அப்படி எழுதுனா அந்தக் காயிதம் எதுக்கு ஆகும்?”

“எதுக்கும் ஆகாது.”

வேறு வழியைக் கெமிஸ்ட் சொன்னார். பொங்கல் வரை எண்ணெயைத் தொடாமல் விட்டால், காகிதத்தில் தங்கியிருக்கும் ஃபியூரான் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி எண்ணெயில் இறங்கும். பொங்கலுக்கு ஆலை நான்கு நாள் நிற்கும். அப்போது எண்ணெயை எடுத்துப் பார்ப்பதோடு, தொட்டியைத் திறந்து காகிதத்திலேயே ஒரு துண்டு வெட்டி எடுத்துவிடலாம். காகிதத்தைச் சோதித்தால் சந்தேகத்துக்கு இடம் இருக்காது.

ஃபோர்மேன் அலுவலகம் பக்கம் பார்த்தார். “தாங்கும்னு நாந்தான் சொன்னேன். இப்ப நானே போயித் தொறந்து பாக்கோணும்னா, அந்தத் தம்பி என்ன நெனைக்கும்?” தம்பி என்றது முதலாளியை. நாற்பது வயது இருக்கும் அவருக்கு. அவருடைய அப்பா காலத்திலேயே ஃபோர்மேன் வேலைக்குச் சேர்ந்தவர்.

எங்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார். பொங்கலுக்குத் திறக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். “‘நீங்க தாங்கும்னு சொன்ன பொறவு எதுக்குங்கண்ணா தொறக்கறது’ன்னு ஒருக்காக் கேட்டாப்பல. பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லிப் போட்டேன்.”

மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு மணிக்கு ஆலை அமைதியாக இருந்தது. மேற்கே ஏதோ ஊரில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. முந்தைய இரவே மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறவிட்டிருந்தார்கள். எண்ணெய் மாதிரியை முதலில் எடுத்தோம். பிறகு ஈரோட்டு மிஷின்காரர்கள் எண்ணெயை ஒரு டேங்குக்கு இறக்கினார்கள். இந்த முறை களிமண் உருளைகளைக் கொண்டு வர வேண்டாம் என்று ஃபோர்மேன் மூன்று தடவை தொலைபேசியில் சொன்னதாக அவர்களே சொன்னார்கள்.

சுருளின் மேல்பக்கம் எண்ணெய்க்கு வெளியே வந்ததும் தொட்டியின் மேல் மூடியைக் கழற்றினார்கள். வெட்டுவதற்குப் பழகிய ஆள் ஒருவரை நாங்கள் கூட்டிப் போயிருந்தோம். ஃபோர்மேன் அவரை ஒதுங்கச் சொன்னார்.

“ஊட்டுல மாட்டுக்குக் கொம்பு தீட்டற நாளு. நான் இங்க வந்து இவனுக்குள்ளாற தலைய உடறேன்.”

உள்ளே எதுவும் விழக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. அவர் டெஸ்டர், சீப்பு, கைக்கடிகாரம், மோதிரம், கழுத்தில் இருந்த ருத்திராட்சம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைத்தார். சட்டைப் பொத்தான் அறுந்து விழலாம் என்று கெமிஸ்ட் சொன்னார். சட்டையையும் கழற்றிவிட்டு, வேர்வை சொட்டாமல் இருக்கப் பொத்தான் இல்லாத பருத்திப் பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டார். கத்தியை நாடாவால் மணிக்கட்டில் கட்டினார்கள். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் நான் உரக்கப் படித்துக் குறித்துக்கொண்டேன். கத்தி ஒன்று, இடுக்கி ஒன்று, புதுக் காகிதச் சுருள் ஒன்று, பருத்தி நாடா ஒன்று.

வெட்ட வேண்டியது, சுருளிலிருந்து மேலே வரும் செம்புக் கம்பியில் சுற்றிய காகிதம். அங்கேதான் கை எட்டும். அதைவிடச் சூடான இடங்கள் உள்ளே இருக்கின்றன, அங்கே காகிதம் இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்று கெமிஸ்ட் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஃபோர்மேன் மூடித் துளைக்குள் தோள்வரை சரிந்து பத்து நிமிடம் வேலை செய்தார். கைவிரல் நீளத்தில் நான்கு பட்டைகள் வந்தன. வெட்டிய இடத்தில் புதுக் காகிதம் சுற்றி நாடாவால் கட்டினார். போன பொருள்கள் எல்லாம் வெளியே வந்தன. நான் மறுபடி படித்துச் சரிபார்த்தேன்.

வெளி அடுக்கு, காய்ச்சிய பாலின் ஆடை நிறத்தில் இருந்தது. உள் அடுக்கு வேர்க்கடலைத் தோலின் நிறம். புதுக் காகிதத்தின் மிச்சத் துண்டு ஒன்று அவர் இன்னொரு கையில் இருந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு, யாரும் தடுப்பதற்குள், உள் அடுக்குப் பட்டையின் ஒரு முனையை மடித்தார்.

“அண்ணா, மடிக்காதீங்க!” என்று கெமிஸ்ட் சொல்லும்போதே அது மடிந்த கோட்டில் பிட்டுக்கொண்டது. சத்தம் எதுவும் இல்லை.

அவர் இரண்டு துண்டுகளையும் குப்பிக்குள் போட்டு மூடிக் கொடுத்தார். எண்ணெயை ஏற்றி, காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, ஓயவிட்டு மின்சாரம் கொடுக்க இன்னும் இரண்டு நாள் ஆகும். அவர் அந்த இரண்டு நாளும் வீட்டுக்குப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

காகிதத்தைச் சோதிக்கும் முறை பார்ப்பதற்கு எளிமையானது. எண்ணெயைக் கழுவி நீக்கிவிட்டு, காகிதத்தை ஒரு கருநீலத் திரவத்தில் கரைப்பார்கள். கரைசலை மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்ப்பார்கள். காகித இழையின் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். சங்கிலி நீளமாக இருந்தால் கரைசல் மெதுவாக இறங்கும், அறுபட்டுக் குட்டையாகிவிட்டால் வேகமாக ஓடிவிடும். புதுக் காகிதத்தில் ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ ஆயிரம் கண்ணிகள் இருக்கும். இருநூறுக்குக் கீழே வந்தால் அதைக் காகிதம் என்று சொல்வதில் பொருள் இல்லை. கெமிஸ்ட் ஐந்து தடவை ஓட்டினார். கண்ணிகள் முந்நூற்று முப்பது. மாட்டுப் பொங்கலன்று எடுத்த எண்ணெயிலும் இந்த முறை ஃபியூரான் தெளிவாக இருந்தது. இரண்டும் ஒன்றையே சொல்லின.

அறிக்கையில் எழுத வேண்டியதில் குழப்பம் இல்லை. இப்போதைய லோடில் கவனத்தோடு ஓட்டலாம், மிஞ்சினால் எண்பது சதவீதம் வரை ஏற்றலாம். முழு லோடு கூடாது. சூடு ஏறினால் மிச்சமிருக்கும் ஆயுள் வேகமாகக் கரையும். முந்தைய ஆண்டு அறிக்கைகளை நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வரியை இப்படி எழுதினேன்: ‘ஒவ்வோர் ஆண்டும் களிமண் வடிகட்டலுக்கு மறுநாள் ஆலையின் மின் பிரிவு எண்ணெயை எடுத்து அனுப்பியது. அதை விசாரிக்காமல் எங்கள் ஆய்வகம் நான்கு முறை நல்ல நிலை என்று அறிக்கை தந்தது. அந்த நான்கும் செல்லாது.’

கையெழுத்தாகும் முன் ஃபோர்மேனை வரவழைத்துக் காட்டினேன். சேலத்துக்கு மோட்டார் சைக்கிளிலேயே வந்திருந்தார். நின்றபடி படித்தார். எண் வந்த இடத்தில் நிற்காமல், இந்த வரியில் நின்றார்.

“இத எடுத்துற முடியுங்களா? இல்லீன்னா ‘பராமரிப்பு நடைமுறை காரணமாக’ன்னு பொதுவா ஒண்ணு போட்டுருங்க.”

“அப்படிப் போட்டா நாளைக்கு வர்றவங்க மறுபடி ஃபில்டர் போட்டுட்டு எடுப்பாங்க. அவங்களும் நல்லா இருக்குன்னு நினைப்பாங்க.”

“என்ற பேரு கெட்டுப்போவுதுங்களே.”

“எங்க பேரும் அடுத்த வரியிலயே இருக்கு.”

“உங்களுக்கென்னுங்க, நூறு மில்லு. எனக்கு ஒண்ணுதானுங்களே.” அவர் எண்ணை மறுபடி பார்த்தார். “முந்நூத்தி முப்பது. மடிக்கறப்பவே தெரிஞ்சு போச்சுங்க.” அறிக்கையை மடிக்காமல் ஓர் உறையில் போட்டுத் தரச் சொன்னார். எங்களையும் மறுநாள் வரச் சொன்னார், முதலாளி கேள்வி கேட்டால் பதில் சொல்ல.

முதலாளி அறையில் நாங்கள் உட்கார்ந்தோம். ஃபோர்மேன் உட்காரவில்லை. முதலாளி கையை நீட்டினார். ஃபோர்மேன் உறையைக் கொடுக்காமல் தானே பிரித்து, தானே வாசிக்க ஆரம்பித்தார். பேசும் தமிழை விட்டு, அச்சில் இருந்தபடியே, செய்தி வாசிப்பவர் போல வாசித்தார். அந்த வரியையும் வாசித்தார். ‘ஆலையின் மின் பிரிவு’ என்ற இடத்தில் நிமிர்ந்து, “நானுங்க” என்றார். பிறகு மிச்சத்தை வாசித்து முடித்தார்.

முதலாளி நீட்டிய கையை மேசை மேல் வைத்தார்.

“அப்ப தாங்கும்னு சொன்னது, அண்ணா?”

“எண்ணெயப் பாத்துட்டுச் சொன்னனுங்க தம்பி. காயிதத்தப் பாக்கலீங்க.”

“மிஷின் பன்னண்டாந் தேதி வருது.”

“தெரியுமுங்க. புது மிஷின்ல பாதி ஓட்டலாம். அதுக்கு மேலன்னா இவனாட்ட இன்னொருத்தன் வந்தாத்தானுங்க. அது வரைக்கும் லோடு அதத் தாண்டாமப் பாத்துக்கறது என்ற பொறுப்பு. ஒரு மணிக்கொருக்கா சூட்டக் குறிச்சு வெக்கறேன். எண்ணெய் எடுக்கறதுக்கு முன்னால இனி எந்த மண்ணும் தொடாதுங்க.”

முதலாளி எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பாதி என்பது சரியா? சரி, வெயில் காலத்தில் அதையும் குறைக்க வேண்டி வரலாம் என்று கெமிஸ்ட் சொன்னார். முதலாளி தொலைபேசியை எடுத்துக் கோயமுத்தூருக்கு யாரிடமோ பேச ஆரம்பித்தார். குரலில் கோபம் இருந்தது. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. பேச்சின் நடுவே அறிக்கைக்காகக் கையை நீட்டினார். ஃபோர்மேன் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

புது ஷெட்டில் ஃபிட்டர்கள் நான்கு பேர் இயந்திரங்களுக்கான தரைக் குறிகளை அளந்துகொண்டிருந்தார்கள். ஃபோர்மேன் அவர்களிடம் சாக்பீஸ் வாங்கி, ஷெட்டின் நடுவே ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் குனிந்தபடி கோடு போட்டுக்கொண்டே போனார்.

“ஏனுங்க, இது எதுக்குங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“இதுக்கு அக்கட்டால ஒரு போல்ட்டும் எறக்க வேண்டாம்.”

“ஆரு சொன்னாங்க?”

“நாந்தான் சொல்றேன்” என்றார்.